மழை நாளுக்குக் கூலி இல்லை

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல் அச்சிடுகிறோம். - மலர்க் குழுவினர்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது நான்காம் வகுப்பில் படித்தபோது. அழகான கையெழுத்துக்காக ஒரு தமிழ் அகராதி கொடுத்தார்கள். அந்த அகராதி இன்னும் வீட்டில் இருக்கிறது. கையெழுத்துதான் போய்விட்டது. இருபது ஆண்டுக்கு மேலாக விசைப்பலகையைத் தட்டியே பிழைக்கிறேன். இன்று காலையில் வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்து என் பழைய டீச்சர் ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பயப்படுகிறேன்.

"கணினித் துறையில் எப்படி முன்னேறலாம் என்று பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். யோசித்துப் பார்த்ததில், முன்னேறுவது பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் என்னைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆகவே அதைச் சொல்லலாம் என்று வந்தேன். தலைமையாசிரியர் மன்னிக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. என் மகளை இந்தப் பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று ஒரு பாரம் கொடுத்தார்கள். தகப்பனார் பெயர் எழுதினேன். அடையாள அட்டை எண் எழுதினேன். "முதலாளியின் பெயரும் முகவரியும்" என்று ஒரு கட்டம் வந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. கடைசியில் "சொந்தத் தொழில்" என்று போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்தத் தொழிலா? என்ன கடை வெச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். கடை இல்லை அண்ணே, கணினி வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேலை தேடிக்கிட்டு இருக்கீங்க, அப்படித்தானே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையான பரிவோடுதான் கேட்டார். போகும்போது, தனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அண்ணனுக்கு அன்று நான் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பிள்ளைகளுக்குப் புரியும்படி முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்குக் கிடங்கில் உள்ள சாமான் கணக்கைப் பார்க்க ஒரு கணினி நிரல் வேண்டும். அதற்கென்று ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துச் சம்பளம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. மூன்று மாத வேலை, இவ்வளவு காசு என்று பேசி ஓர் ஆளிடம் விடுகிறார்கள். அந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுக்கிறான். முடிந்ததும் "நன்றி, போய் வா" என்கிறார்கள். அவன் அடுத்த வேலையைத் தேடுகிறான். காண்ட்ராக்ட் என்கிறோமே, அதுதான். வீடு கட்டுகிற கொத்தனார் செய்வதும் இதேதான். அவர் கையில் கரண்டி, என் கையில் கணினி.

என் அப்பா பால் மரம் வெட்டினவர். இந்தக் காஜாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான். நம் காஜாங்குக்கும் கித்தாவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் கித்தா நட்ட இடங்களில் ஒன்று, இங்கே இருந்த இஞ்ச் கென்னத் தோட்டம். 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று தலைமுறை நம் ஆட்களுக்குச் சோறு போட்டது அந்த மரம்தான்.

விடிவதற்கு முன் பிரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் இருட்டோடு நிரைக்குப் போவார் அப்பா. வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தால்தான் அன்றைய கணக்கு. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவிவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் அதைவிட மோசம். மங்கில் பாதி பால், பாதி தண்ணீர். காலையெல்லாம் பட்ட பாடு வீண். ஆண்டுக் கடைசியில் அடைமழை பிடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் கடைக்காரர் கொப்பியில் கடன் ஏறும். அம்மா அரிசி டின்னைத் தட்டிப் பார்ப்பதை வைத்தே, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"என் பிள்ளைக்கு இந்த மழைக் கணக்கு வேண்டாம். மாதச் சம்பளத்துக்குப் போகட்டும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். படிக்க வைத்தார். நானும் மாதச் சம்பளத்துக்குத்தான் போனேன். 2003ஆம் ஆண்டு சைபர்ஜெயாவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 1996இல் அரசாங்கம் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டு மே மாதம் சைபர்ஜெயாவைத் திறந்து வைத்தது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பக்கத்தில் புத்ராஜெயா எழுந்த இடம் முன்பு பிராங் பெசார் தோட்டம். கித்தா ஆராய்ச்சியில் பேர் போன தோட்டம் அது. பி.பி. 86 என்று ஒரு ரகத்துக்கே அதன் பெயர் நிலைத்திருக்கிறது. அங்கிருந்த நம் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். நான் தினமும் காரில் அந்தப் பக்கமாக வேலைக்குப் போய் வருவேன். அப்பாவை ஒருநாள் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கட்டடங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "இங்கே மழை பேஞ்சா சம்பளம் வெட்டுவாங்களா?" என்று கேட்டார். இல்லைப்பா என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

2014இல் அந்தக் கம்பெனி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. அப்பா அதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே காலமாகிவிட்டார். அதைப் பார்க்காமல் போனது நல்லது என்று அன்று நினைத்தேன்.

அப்படித்தான் இந்தக் காண்ட்ராக்ட் வாழ்க்கை ஆரம்பமாயிற்று. நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் பள்ளி மேடையில் பொய் சொல்லக்கூடாது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு கணக்கு. 2015இல் எனக்கு வந்த பணம்: ஜனவரியில் 8,500 வெள்ளி. பிப்ரவரி சுழி. மார்ச் சுழி. ஏப்ரலில் 3,200. மே சுழி. ஜூனில் 11,000. கூட்டி ஆறால் வகுத்தால் மாதத்துக்கு எவ்வளவு? (பிள்ளைகள் விடை சொல்கிறார்கள்.) 3,783 வெள்ளி சொச்சம். சபாஷ். காகிதத்தில் பார்த்தால் பரவாயில்லாத சம்பளம். ஆனால் மார்ச் மாதம் மின்சாரக் கட்டணம் கட்டப் போகும்போது சராசரியைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதே! ஜனவரியில் பணம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது நாற்காலி வாங்கினேன், புதுத் திரை வாங்கினேன், குடும்பத்தோடு பினாங்குக்குப் போய் வந்தேன். மார்ச்சில் மகளின் உண்டியலை உடைத்துப் பெட்ரோல் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சொல்லாவிட்டால் நான் இங்கே நிற்பதில் பயனில்லை.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு கேட்டார்கள்: "ஏம்ப்பா, அந்தக் காலத்துல மழை மாசம் வருதுன்னா நான் என்ன செய்வேன் தெரியுமா? வெயில் மாசத்துல அப்பா கொண்டாந்து குடுக்கிற சம்பளத்துல ஒரு பங்கை டின்னுல போட்டு, அது இல்லவே இல்லன்னு நெனச்சுக்குவேன். நீ படிச்சவன். ஒனக்கு மழை மாசம் எப்ப வரும்னு தெரியாதா?"

தெரியாதுதான். அப்பாவின் மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது. என் மழைக்குப் பருவம் கிடையாது. அதனால் டின் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கண்டுகொண்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். எந்தக் காசு வந்தாலும் ஒரு வங்கிக் கணக்கில்தான் விழும். அதிலிருந்து மாதம் 28ஆம் தேதி வீட்டுக் கணக்குக்கு ஒரே தொகை போகும். வந்த மாதமும் அதே தொகை, வராத மாதமும் அதே தொகை. 11,000 வந்தாலும் நான் கேட்டு வாங்க முடியாது. கிராணி வேலை என் மனைவியுடையது. அவர் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். கணக்கில் கறார். 28ஆம் தேதியை எங்கள் வீட்டில் இன்றும் "பிரட்டு" என்றுதான் சொல்கிறோம். ஆறு மாதச் செலவுக்கான தொகை அந்தக் கணக்கில் சேர எங்களுக்கு நாலு ஆண்டு பிடித்தது.

நிற்க. வேலை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். பாதி வேலை தெரிந்தவர்கள் சொல்லி வருவது. கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகம், இப்படி. நேரில் போக வேண்டி வந்தால், 2017 ஜூலையில் நம் ஊருக்கு எம்.ஆர்.டி. வந்த பிறகு பெரிய நிம்மதி. மீதி வேலை இணையச் சந்தைகளில் கிடைப்பது. எலான்ஸ், ஓடெஸ்க் என்று இரண்டு இருந்தன. 2013 கடைசியில் இரண்டும் ஒன்றாகி, 2015 முதல் அப்வொர்க் என்ற பெயரில் நடக்கின்றன. உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் வேலை அறிவிப்பார். எங்கெங்கோ இருக்கும் ஐம்பது பேர் அதற்கு விலை சொல்வோம். ஒருவனுக்குக் கிடைக்கும். சந்தைக்காரருக்குத் தரகு உண்டு. 2017இல் நான் 800 டாலருக்கு ஒரு வேலை செய்தேன். புது வாடிக்கையாளர் என்றால் முதல் 500 டாலருக்கு இருபது விழுக்காடு, அதற்கு மேல் பத்து விழுக்காடு என்பது அன்றைய விகிதம். 130 டாலர் போய் 670 என் கைக்கு வந்தது. முன்கூட்டியே சொல்லித்தான் எடுக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 800 என்று எண்ணி வீட்டில் சொல்லிவிட்டால் குறை நம்முடையது.

இந்த வேலையில் பொழுது தலைகீழாகும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஒன்பது, அங்கே குளிர்காலமானால் இரவு பத்து. லண்டன்காரர்கள் பிற்பகலில் விழிப்பார்கள். ஆகவே எங்கள் தெருவில் எல்லாரும் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் நேரத்தில் நான் சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மேலே சட்டை, கீழே கைலி. திரையில் இடுப்புக்கு மேல்தான் தெரியும். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது பூனை வந்து விசைப்பலகையில் ஏறிவிட்டது. விரட்ட எழுந்து நின்றுவிட்டேன். லண்டன்காரர் நல்ல மனிதர். "கைலி அழகாக இருக்கிறது" என்றார்.

பகலில் வீட்டில் இருக்கிறேன் என்பதால் வீட்டு வேலைக்கு நான் கைக்கு எட்டிய ஆள். கேஸ் வந்தால் வாங்கி வைப்பது, மருந்தகத்துக்கு அம்மாவை அழைத்துப் போவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் நான்தான். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி சும்மாத்தானே இருக்கீங்க, கொஞ்சம் வீட்டைப் பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். கோபித்துக்கொள்ள முடியுமா? பெற்றெடுத்த அம்மாவுக்கே நான் வேலை செய்கிறேன் என்ற நம்பிக்கை வரவில்லை. முக்கியமான பேச்சு நடக்கும்போது கதவைத் திறந்து, "கொத்துமல்லி இல்ல, பசாருக்குப் போறியா?" என்பார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அப்போதுதான் நிலைமை மாறியது. தாமான் முழுவதும் ஆண்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து கணினியோடு பேச ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு வங்கி அதிகாரியும் மேலே சட்டை, கீழே கைலியோடு நின்றதை அம்மா சன்னல் வழியாகப் பார்த்தார்கள். "ஓ, இதுவும் வேலைதான் போல" என்றார்கள். ஆறு ஆண்டு நான் சொன்னதை ஒரு கைலி நிரூபித்துவிட்டது.

சிரித்தீர்கள், மகிழ்ச்சி. இனிச் சொல்லப்போவது சிரிக்கும் விஷயமில்லை.

2018இல் இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்தேன். பேர் வேண்டாம். 4,800 வெள்ளி. வேலை முடிந்தது, அவர்கள் அதை உபயோகிக்கவும் தொடங்கிவிட்டார்கள். காசு வரவில்லை. கேட்டால் கணக்காளர் லீவு. மறுபடி கேட்டால் முதலாளி வெளியூர். ஏழு முறை போனேன். ஏழாவது முறை வாசலில் இருந்த காவல்காரர், நம் ஆள்தான், "தம்பி, ஒங்கள மாதிரி இன்னும் மூணு பேர் வந்துட்டுப் போறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அப்பாவுக்கு நிறுவையில் சந்தேகம் வந்தால் கங்காணியிடம் கேட்கலாம், கிராணியிடம் கேட்கலாம், அதற்கும் மேலே 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. எனக்கு யார்?

விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. சிறு தொகைக்கான வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே தொடுக்கலாம். அப்போது உச்ச அளவு 5,000 வெள்ளி. என்னுடையது அதற்குள் இருந்தது. பாரம் எழுதினேன். ஒப்பந்தம் எங்கே என்றார்கள். ஒப்பந்தம் ஏது? முதலாளியோடு கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பேசிய பேச்சுதான் ஒப்பந்தம். நல்ல வேளையாக, "வேலை நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் பணம் போடுகிறோம்" என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. வழக்கு நாளுக்கு முன்பே பணத்தைப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு பாதிப் பணம் முன்னால் வாங்காமல், எழுத்தில் இல்லாமல், நான் ஒரு வரி நிரலும் எழுதுவதில்லை. சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். மைத்துனர் ஒருவர் இதனால் ஓராண்டு என்னோடு பேசவில்லை.

அடுத்த ஆண்டு எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. நம் வட்டாரத்தில் அது யாருக்கும் புதிதல்ல. காஜாங் மருத்துவமனையில் படுத்தேன். அங்கே பக்கத்துக் கட்டிலில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பையன். டாக்டர் அவனுக்கு எம்.சி. எழுதிக் கொடுத்தார். எனக்கும் எழுதிக் கொடுத்தார். நான் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பத்து நாள் படுத்திருந்ததில் கையிலிருந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் தேதி இருக்கிறது. கையில் ஊசி ஏறியிருக்க, ஒரே கையால் மன்னிப்புக் கடிதம் தட்டினேன். என் மனைவி, தாதியல்லவா, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பின்தான் ஒரு புத்தி வந்தது. என்னைப் போல வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர், காஜாங், செமினி, பாங்கி பக்கம் இருக்கிறவர்கள், ஒன்றாகச் சேர்ந்துகொண்டோம். ஒருவன் படுத்தால் இன்னொருவன் அவன் நிரையை வெட்டுவான். பணம் முதல் ஆளுக்கே போகும், அவன் பிறகு பங்கிட்டுக்கொள்வான். பதிவு செய்த சங்கமெல்லாம் இல்லை, கடையில் மாதம் ஒரு முறை சந்திப்போம், அவ்வளவுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள் நம் தொழிலாளர்கள். நாங்கள் ஐந்து பேர், தேத்தண்ணீர்க் காசைப் பங்கிடவே சண்டை போடுகிறோம்.

பெற்றோர்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் மகனோ மகளோ இந்தத் தொழிலில் இருந்தால், "மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்கிறீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். "சேமநிதிக்கு எவ்வளவு போடுறே?" என்று கேளுங்கள். மாதச் சம்பளத்தில் 4,000 வெள்ளி வாங்குகிறவருக்கு, தன் பங்கு 11 விழுக்காடு 440 வெள்ளி, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு 520 வெள்ளி, ஆக 960 வெள்ளி மாதாமாதம் ஊழியர் சேமநிதியில் ஏறுகிறது. அவர் தூங்கினாலும் ஏறும். காண்ட்ராக்ட்காரன் அதே 4,000 சம்பாதித்தால் சேமநிதியில் ஏறுவது சுழி. இருவருக்கும் ஒரே வருமானம் என்று நினைப்பது பெரிய தப்பு. நான் 2014 முதல் 2019 வரை ஒரு காசு போடவில்லை. அந்த ஐந்தாண்டைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சொந்தமாகப் போட வழி இருக்கிறது. ஐ-சாரான் என்ற திட்டத்தில் சேர்ந்து நாமாகக் கட்டினால், 2025ஆம் ஆண்டு விதிப்படி அரசாங்கம் இருபது விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை மேலே போடுகிறது. அதாவது நீங்கள் 2,500 கட்டினால் 500 கிடைக்கும். பெர்க்கெசோவிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் டாக்சிக்காரர்களுக்கு என்று வந்தது, பிறகு மற்றச் சொந்தத் தொழில்களுக்கும் விரிந்தது. அது வேலையினால் வரும் விபத்துக்கும் நோய்க்கும்தான், என் டெங்கிக்கு அதில் இடமில்லை. கிக் தொழிலாளர்களுக்கான சட்ட முன்வரைவு 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. கூலித் தகராறுக்குத் தீர்ப்பாயம் என்ற பேச்சு அதில் இருக்கிறது. அன்று செய்தியைப் படித்துவிட்டு, அந்தக் காவல்காரர் சொன்ன மூன்று பேரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வீடு வாங்கப் போனபோது வங்கியில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். என்னிடம் ஏது? மனைவியின் சீட்டை வைத்துத்தான் கடன் கிடைத்தது. இரண்டு ஆண்டு ஒழுங்காக 'பி' பாரம் நிரப்பி வருமான வரி கட்டியிருந்தால் எனக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் கடைசி, எங்களுக்கு ஜூன் கடைசி. "வரி கட்டாமல் தப்பிக்கலாம்" என்று யாராவது உங்கள் பிள்ளைக்கு யோசனை சொன்னால், அவர் வீட்டுக்கடனையும் சேர்த்துத் தட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டில் இருந்தபடியே நாளுக்கு 500 வெள்ளி, முதலில் 300 வெள்ளி கட்டுங்கள்" என்று கைப்பேசியில் வருகிறதே, அதை அழித்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவன்தான் காசு கொடுப்பான். நம்மிடம் கேட்கமாட்டான்.

செல்வங்களே, உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்த வேலையை நம் ஆட்கள் செய்ய முடியுமா என்று சென்ற வாரம் என் மகளின் தோழி ஒருத்தி கேட்டாள். உன் அப்பா கைப்பேசியில் தமிழில் எழுதுகிறாரே, செல்லினம், அதைச் செய்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985இலேயே முரசு அஞ்சல் என்று கணினியில் தமிழைக் கொண்டுவந்தவர். அப்புறம் என்ன சந்தேகம்?

என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், கணக்கு வேண்டும்தான். ஆனால் நீங்கள் சலித்துக்கொண்டு எழுதுகிறீர்களே கட்டுரை, அதுதான் எனக்கு அதிகம் சோறு போடுகிறது. ஐம்பது பேர் விலை சொல்லும் இடத்தில், செய்யப்போவதைத் தெளிவாகப் பத்து வரியில் எழுதுகிறவனைத்தான் கூப்பிடுகிறார்கள். மலாயும் ஆங்கிலமும் வேண்டும். இந்தப் பள்ளியில் தமிழில் ஒழுங்காகக் கட்டுரை எழுதிப் பழகியதால் மற்ற மொழியிலும் எனக்குக் கை வந்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சின்னச் சின்ன வேலைகள் குறைந்துவிட்டன. கடைகளுக்கு ஒரு பக்கத் தளம் செய்து கொடுப்பது, பழைய தளத்தைப் பழுது பார்ப்பது, இவையெல்லாம் எங்களுக்குக் கட்டிப்பால் காசு. பால் காசு குடும்பத்துக்கு, கட்டிப்பால் காசு தீபாவளிக்கு என்று அம்மா பிரித்து வைப்பார்களே, அதுபோல. அந்தக் கட்டிப்பாலை இப்போது இயந்திரமே பொறுக்கிக்கொள்கிறது. நானும் அந்த இயந்திரத்தை வைத்துத்தான் வேலை செய்கிறேன். முன்பு மூன்று வாரமான வேலை ஒரு வாரத்தில் முடிகிறது. கொடுக்கிறவரும் ஒரு வாரக் காசுதான் கொடுப்பேன் என்கிறார். இந்த மழை எவ்வளவு நாள் நீடிக்கும் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. டின்னில் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டு வைக்கிறோம்.

நேரமாகிவிட்டது. முன் வரிசைப் பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, அந்த மேசைமேல் அடுக்கியிருக்கும் பரிசுப் பொட்டலங்களையே பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சேமநிதித் திட்டத்தில் எப்படிச் சேர்வது, எவ்வளவு கட்டலாம் என்று தமிழில் எழுதி இருபது படி எடுத்து வந்திருக்கிறேன். விழா முடிந்ததும் வெளியே பசியாறும் கூடாரத்தில் நிற்பேன். தேவைப்படுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். அன்று எனக்குத் தொழிற்சாலை எண் கொடுத்த அண்ணன் இங்கே வந்திருந்தால் அவசியம் வர வேண்டும். அந்த எண் இன்னும் என்னிடம் இருக்கிறது, அழிக்கவில்லை.